வீடு ‘லைன் கிளியர்’ கொடுத்ததா?

காலை ஒன்பது மணிக்கு ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், “இன்னிக்கு வீட்டுக்குப் போகலாம் சார்” என்றார். நான் வீட்டு வாசற்படியில் கால் வைத்தபோது மணி ஏழாகப் பத்து நிமிடம் இருந்தது. நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால், பில் நடந்தது. மிஞ்சிய மருந்து பார்மசிக்குத் திரும்பியது, என் ரயில்வே ரெஃபரல் கடிதத்தில் ஒரு முத்திரை குறைந்தது, மகன் மூன்று மாடி ஏறி இறங்கினான். பக்கத்துப் படுக்கைக்காரருக்கு இன்சூரன்ஸ். விவரமானவர். “மூணு மணி நேரத்துல முடிச்சாகணும் சார், ரூல் வந்தாச்சு” என்று கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார். அவர் சொன்னது சரிதான். டிஸ்சார்ஜ் கோரிக்கை ஆஸ்பத்திரியிலிருந்து போன 3 மணி நேரத்துக்குள் இன்சூரன்ஸ் கம்பெனி இறுதி ஒப்புதல் தந்தாக வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதத்தில் உத்தரவு போட்டிருக்கிறது.

பில்லுக்கு அப்படி ஒரு கடிகாரம். வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதற்கு எந்தக் கடிகாரமும் இல்லை. ஐந்தரை மணிக்கு நர்ஸ் ஒருத்தி நீல ஃபைலோடு வந்தாள். என் மகளைவிடச் சின்னப் பெண். ஃபைலில் பதினொரு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். “இது காலை ராத்திரி, இது வாந்தி வந்தா மட்டும், எட்டு நாள் கழிச்சு தையல் பிரிக்க வாங்க, ஏதாவதுன்னா கால் பண்ணுங்க.” மூன்று நிமிடம் ஆகியிருக்கும். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த வார்டில் அவள் தலையில் எத்தனை படுக்கை என்று எண்ணிப் பார்த்தவன் நான். அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிட்டிருப்பாளா என்பதே சந்தேகம்.

நான் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ரிச்சர்ட்ஸ் டவுனில், பெங்களூரு ஈஸ்ட் ஸ்டேஷனில் வண்டி ஹாரன் அடித்தால் காதில் விழுகிற தூரத்தில் குடியிருக்கிறேன். ஆகஸ்டில் பெருங்குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். புற்றுநோய், மூன்றாம் நிலை. செப்டம்பர் கடைசியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீமோ, மொத்தம் பன்னிரண்டு. இதுவரை ஒன்பது முடிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் போவதும் திரும்புவதுமாக, வீடு திரும்பும் விஷயத்தில் எனக்கு இப்போது ஓரளவு சர்வீஸ் ஆகிவிட்டது.

எங்கள் வேலையில் முதல் பாடம் ஒன்று உண்டு. வண்டி என் பிளாட்பாரத்தில் தயாராக நிற்கிறது என்பதற்காக அதை அனுப்பிவிட முடியாது. அடுத்த ஸ்டேஷனைக் கேட்க வேண்டும். அங்கே இருப்பவர் தன் பக்கம் பாதை காலி என்று பார்த்து ‘லைன் கிளியர்’ கொடுக்க வேண்டும். வாய்வார்த்தையாக வாங்கினால், கேட்டதைத் திருப்பிச் சொல்லி, பிரைவேட் நம்பர் மாற்றிக்கொண்டு, ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். அப்புறம்தான் சிக்னல் இறங்கும். அதற்கு முன்னால் பிளாட்பாரத்தில் மந்திரியே நின்று அவசரப்படுத்தினாலும் வண்டி நகராது.

என்னை அனுப்பிய அன்றைக்கு அடுத்த ஸ்டேஷனை யாரும் கேட்கவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? கக்கூஸ் எந்த மாதிரி, உட்காருவதா, குந்துவதா? குளியலறைக்கு எத்தனை படி? ராத்திரி பதினொரு மணிக்கு வண்டி கிடைக்குமா? இந்தக் காகிதத்தைப் படிக்கப் போவது யார், அவருக்கு எந்த மொழி வரும்? என் மனைவி தமிழில் வாரப் பத்திரிகை விடாமல் படிப்பவள். கன்னடத்தில் பஸ் போர்டு படிப்பாள், காய்கறிக்காரரோடு சண்டை போடுவாள். அந்தப் பதினொரு பக்கத்தில் அவளுக்குப் புரிந்தது என் பெயர் ஒன்றுதான்.

நகரத்தின் தெற்குக் கோடியில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் வழியில் 23 ஹம்ப், அதாவது வேகத்தடை, இருக்கிறது. எண்ணினேன். வயிற்றில் தையலோடு வருகிறவனுக்கு ஒவ்வொரு ஹம்பும் ஒரு ஸ்டேஷன். ஐந்தாவது ஹம்பில் ஆட்டோ டிரைவரே, “அண்ணா, தலகாணிய வயித்துல வெச்சு அமுக்கிக்கோங்க, எங்கப்பாவுக்கு அப்படித்தான் பண்ணோம்” என்றார். செய்து பார்த்தேன், வலி பாதியானது. அன்றைக்குக் கிடைத்த உருப்படியான மருத்துவ ஆலோசனை அதுதான்.

கீமோ ஆரம்பித்த பிறகு வேறு மாதிரித் திரும்புதல். திங்கட்கிழமை காலை டே கேரில் சாய்வு நாற்காலி. காலர் எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைத்திருக்கும் போர்ட்டில் ஊசி குத்தி, நாலு மணி நேரம் மருந்து ஏற்றுவார்கள். மதியம் இரண்டு மணிக்கு அந்த ஊசியிலேயே இன்னொரு மருந்தைப் பூட்டி, இடுப்பில் ஒரு பையில் தொங்கவிட்டு, வீட்டுக்குப் போங்கள் என்பார்கள். பார்க்கக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் புட்டிதான். உள்ளே ஒரு பலூன், சாத்துக்குடி போல உப்பியிருக்கும். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது, சத்தமும் கிடையாது. ரப்பர் தானாகச் சுருங்குகிற விசையில் மருந்து 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ரத்தத்துக்குப் போகிறது. பேத்தி முதல் நாள் பார்த்துவிட்டு, “தாத்தா, பாப்பா பொறக்கறதுக்குள்ள நீயே குடிச்சிடாதே” என்றாள். மருமகள் அப்போது ஐந்து மாதம்.

குழாயின் நடுவில் சட்டைப் பித்தான் மாதிரி ஒரு சின்ன வில்லை உண்டு. அது தோலோடு ஒட்டியிருக்க வேண்டும், உடம்புச் சூட்டைக் கணக்கில் வைத்துத்தான் மருந்து இறங்கும் வேகத்தை அமைத்திருக்கிறார்கள். எனக்கு இது தெரியாது. முதல் ராத்திரி டேப் பிரிந்துவிட்டது. அரித்தது, அப்படியே விட்டுவிட்டேன். புதன்கிழமை மதியம் போனால் பலூனில் இன்னும் எலுமிச்சை அளவு பாக்கி. “டேப் ஒட்டலையா?” என்று கேட்டார்கள். ஒட்ட வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த மருந்துகளில் ஒன்றுக்குக் குளிர்ச்சி ஆகாது. காகிதத்தில் ‘குளிர்ச்சியைத் தவிர்க்கவும்’ என்று இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. ஐஸ்கிரீம் சாப்பிடக் கூடாது என்று எடுத்துக்கொண்டேன். மறுநாள் விடியற்காலை ஃபிரிட்ஜைத் திறந்து நந்தினி பால் பாக்கெட்டை எடுத்தேன். விரல் நுனிகளில் கரண்ட் அடித்தது. பாக்கெட் கீழே விழுந்து சமையலறை முழுக்கப் பால். பதற்றத்தில் குழாய்த் தண்ணீரை சில்வர் டம்ளரில் பிடித்து ஒரு வாய் குடித்தேன். தொண்டையை யாரோ உள்ளேயிருந்து முடிச்சுப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. மூச்சு போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் போகவில்லை என்று மனசு அடித்துச் சொன்னது. ஒரு நிமிடம் இருக்குமா? மனைவி என் முதுகைத் தடவிக்கொண்டே யேசுவே யேசுவே என்றாள். இது அந்த மருந்தின் சுபாவம், பயமுறுத்துமே தவிர ஆளைக் கொல்லாது, வெந்நீர் குடித்தால் தணியும் என்று பிற்பாடு தெரிந்தது. அந்த ஒரு வாக்கியத்தைத் திங்கட்கிழமையே சொல்லியிருந்தால் நாங்கள் அந்தக் காலையைத் தப்பியிருப்போம். இப்போது வீட்டில் ஃபிரிட்ஜைத் திறக்கும் அதிகாரம் எனக்குக் கிடையாது. டிசம்பர் முழுக்கக் கம்பளிக் கையுறையும் மங்கி கேப்புமாகத்தான் பேப்பர் படித்தேன்.

மூன்றாவது கீமோவுக்குப் பத்தாம் நாள். வாந்தி நின்று, வாய்க்கு ருசி திரும்பி, ரிச்சர்ட்ஸ் பார்க்கில் ஒரு சுற்று நடந்துவிட்டு வந்த நாள். ராத்திரி பதினொன்றுக்கு உடம்பு சுட்டது. 100.8. காய்ச்சல்தானே என்று மனைவி டோலோ கொடுத்தாள், மிளகு ரசம் வைத்தாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் எங்கள் வீட்டில் காய்ச்சலுக்கு அதுதான் மருந்து. ஒரு மணிக்கு 99 ஆனது. எல்லோரும் தூங்கினோம். ஐந்து மணிக்குக் கட்டிலோடு சேர்த்து உடம்பு தூக்கிப் போட்டது. ஃபைலில் இருந்த நம்பரைக் கூப்பிட்டால், ஓபிடி ஒன்பது மணிக்குத் திறக்கும் என்றது ஒரு குரல். மகன் அதற்கு மேல் கேட்காமல் காரில் போட்டுக்கொண்டு காஷுவால்டிக்கு ஓட்டினான்.

தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்களில் நியூட்ரோஃபில் என்று ஒரு வகை. 1,500க்கு மேல் இருக்க வேண்டியது எனக்கு 400. கீமோ ஏற்றி ஏழு நாளிலிருந்து பதினாலு நாளுக்குள் அது அடிமட்டத்துக்கு இறங்கும். அதாவது நோயாளிக்கு ‘தேறிவிட்டோம்’ என்று தோன்றி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புகிற அதே நாட்களில். அந்தச் சமயம் 100.4 தாண்டினால் அது சாதாரணக் காய்ச்சல் கணக்கில் வராது. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய், முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி ஏற வேண்டும். டோலோ காய்ச்சலைத்தான் இறக்கும், உள்ளே இருக்கும் தொற்று அது பாட்டுக்கு வளரும். ஐந்து நாள் படுத்தேன். “ராத்திரியே வந்திருக்கணும், டிஸ்சார்ஜ் ஷீட்ல இருக்கே” என்றார் டூட்டி டாக்டர். இருந்தது. ஒன்பதாம் பக்கம், கீழிருந்து நாலாவது வரி. எனக்கு இங்கிலீஷ் வரும்தான். நடுங்குகிறவன் ஒன்பதாம் பக்கம் வரை புரட்ட மாட்டான்.

அந்த ஐந்து நாள் கழித்துத் திரும்பியபோது அடுத்த தெரு சிஸ்டர் வந்தார். ஆங்கிலோ இந்தியர், வயது எழுபத்து நாலு, வேலை பார்த்த காலம் முழுக்க வார்டில் கழித்தவர். டிசம்பரில் குல்குல் கொண்டுவருகிற அளவுக்குத்தான் பழக்கம். வாசலிலேயே நின்று கை கழுவத் தண்ணீர் கேட்டார். உள்ளே வந்து, “இன்னா மேன், ஃபீவரை வெச்சுக்கினு ஆறு மணி நேரம் தூங்கினியா?” என்றார். அப்புறம் என்னை விட்டுவிட்டு மனைவி பக்கம் திரும்பி முதலில் கேட்ட கேள்வி: “வீட்ல யாருமா மாசமா இருக்காங்க?”

கீமோ மருந்து ஏறக்குறைய 48 மணி நேரத்துக்கு வாந்தியிலும் சிறுநீரிலும் வெளியே வந்துகொண்டிருக்கும். கையுறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது, அதிலும் கர்ப்பிணிப் பெண்கள் கிட்டவே போகக் கூடாது. முதல் இரண்டு கீமோவிலும் நான் எடுத்த வாந்தியை வெறுங்கையால் துடைத்தவள் என் மருமகள். மாமனாருக்குச் செய்வதில் என்ன கூச்சம் என்று மாமியாரைத் தடுத்துவிட்டுச் செய்தாள். சிஸ்டர் சொன்னதைக் கேட்டு மனைவி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்கேனில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தெரியும் வரை அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரி பில்லை எடுத்துப் பார்த்தேன். கையுறை என்று தனி வரியே இருந்தது, விலையோடு. வீட்டுக்கு ஒரு ஜோடி கொடுத்தனுப்ப யாருக்கும் தோன்றவில்லை.

சிஸ்டர் அன்றைக்கு ஒரு மணி நேரம் இருந்தார். “ஊசியை நான் தொட மாட்டேன், அது அவங்க வேலை. மத்ததை எழுதிக்கோ கண்ணு” என்றார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் மனைவி தமிழில் எழுதினாள். கக்கூஸில் மூடி போட்டு இரண்டு முறை தண்ணீர் விடு. துணியைத் தனியாகத் துவை. வாய்ப்புண்ணுக்கு உப்பும் சமையல் சோடாவும் போட்டு வெதுவெதுப்பாகக் கொப்பளி. ஏழிலிருந்து பதினாலு வரை பார்க்க வருகிறவர்களை வாசலோடு அனுப்பு. 100.4 என்றால் மாத்திரை கிடையாது, ஆஸ்பத்திரி. எழுதி முடித்ததும், “இப்போ எனக்குத் திருப்பிச் சொல்லு” என்றார். நான் படுக்கையில் இருந்தபடியே சிரித்துவிட்டேன். எங்கள் ரூல் புத்தகத்தை எங்கே படித்தாரோ.

நம் நாட்டில் புற்றுநோய் ஆஸ்பத்திரிகளின் கதை பெரும்பாலும் படுக்கைகளின் கதை. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் தொடங்கியது 12 படுக்கையோடுதான். இங்கே பெங்களூரில் கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி 1973இல் வந்தது. எல்லா ஊரிலும் படுக்கை போதவில்லை என்பதே பெரும் கவலை, அது நியாயமான கவலை. ஆனால் வைத்தியம் படுக்கையை விட்டு எப்போதோ எழுந்துவிட்டது. என் கணக்கைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு 336 மணி நேரம். அதில் ஆஸ்பத்திரியில் இருப்பது ஏழு மணி நேரம். மிச்சம் 329 மணி நேரமும் வைத்தியம் நடப்பது ரிச்சர்ட்ஸ் டவுனில், என் மனைவியின் பொறுப்பில். அவளுக்கு ஷிஃப்ட் மாற்ற ஆள் கிடையாது.

வீட்டுக்கு வந்து பார்க்கும் ஏற்பாடே நம் பக்கம் இல்லையா என்றால், இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் கேரளம் முழுக்கத் தெருத்தெருவாகத் தன்னார்வலர்களைத் திரட்டியது. 2008இல் அந்த அரசு அதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியதும் எங்களுக்குப் பக்கத்தில்தான், கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். சர்க்கரை மாத்திரையிலிருந்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கான பை வரை வாசலுக்கு வருகிறது. பெங்களூரில் மாரத்தஹள்ளி கருணாஷ்ரயா காசு வாங்காமல் பார்க்கிறது, அவர்களுடைய நர்ஸுகள் வீடுகளுக்கும் போகிறார்கள். ஆனால் அங்கே போகிறவர் நோய் முற்றியவர். ‘இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை’ என்று டாக்டர் கைவிரித்த பிறகுதான் புற்றுநோயாளி வீட்டு வாசலில் ஒரு நர்ஸ் வந்து நிற்க முடியும், அல்லது காசு இருந்தால். குணமாகிற வழியில், இடுப்பில் புட்டியோடு பார்க்கில் நடக்கிறவன் எந்த ரிஜிஸ்டரிலும் வருவதில்லை.

அந்த இடைவெளி சும்மாவும் இருப்பதில்லை. ஆஸ்பத்திரி பேசாத இடத்தில் வாட்ஸ்அப் பேசுகிறது. கன்னடத்தில் லட்சுமண பழம் என்கிற முள்சீத்தா எனக்கு மூன்று வீட்டிலிருந்து வந்தது. கொண்டுவந்த ஒவ்வொருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார்கள். டாக்டர்கள் இதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறார்கள். அந்த அரை மணி நேரத்தை அவர்கள் கொடுத்திருந்தால் முள்சீத்தாவுக்கு வேலையே இல்லை.

நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. பிரிட்டனில் கீமோ எடுக்கிறவர் கையில் பர்ஸில் வைக்கும் அளவுக்கு ஓர் அட்டை கொடுக்கிறார்கள். இவருக்குக் கீமோ நடக்கிறது, காய்ச்சல் என்றால் தாமதிக்காதீர்கள், இந்த நம்பர் இருபத்து நாலு மணி நேரமும் எடுக்கப்படும் என்று அதில் இருக்கும். அதைத் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் அச்சடிக்க என்ன செலவாகும்? அந்த நம்பரில் ராத்திரி ஒரு ஆன்காலஜி நர்ஸ் பேச வேண்டும், ரிசப்ஷன் பேசக் கூடாது. டிஸ்சார்ஜுக்கு முன்னால் ஒரு மணி நேரம், நோயாளியை விட்டுவிட்டு வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரை உட்கார வைத்து, அவர் மொழியில் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை ஃபைலில் கையெழுத்து விழக் கூடாது. அதற்குப் பில்லில் ஒரு வரி போட்டுக்கொள்ளட்டும். பஞ்சுக்குக் கொடுத்தவன் இதற்குக் கொடுக்க மாட்டேனா? புதன்கிழமை ஐந்து நிமிடம் ஊசி எடுக்க நான் 23 ஹம்பையும் தாண்டிப் போய் வருவதைக்கூட நர்ஸை வீட்டுக்கு அனுப்பித் தீர்க்கலாம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சின்ன ஸ்டேஷன்களில் டிக்கெட்டும் நாங்களேதான் கொடுப்போம். புற்றுநோயாளி என்று ஆஸ்பத்திரிச் சான்று காட்டினால் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதம் சலுகை, துணைக்கு வருகிறவருக்கும் அதே சலுகை. ரயில்வே எத்தனையோ விஷயத்தில் மக்கள் வாயில் விழுகிற துறை. ஆனால் இந்த நோயில் யாரும் தனியாகப் போவதில்லை என்பது அந்த ரூலை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனையோ பேருக்கு அந்த டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்திருக்கிறேன். இறங்கி வீட்டுக்குப் போய் என்ன செய்வார்கள் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

ஏழாவது கீமோவில் எனக்கு அடுத்த நாற்காலி கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், மாந்தோப்பு வைத்திருக்கிறார். அவர் மனைவி நீல ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவியிடம், “அக்கா, இதுல என்னாதான் போட்டிருக்கு?” என்று கேட்டாள். மனைவி தன் போனில் இருந்த காலண்டர் தாளைக் காட்டினாள். அந்த அம்மா படம் எடுத்துக்கொள்ளத் தெரியாமல் முழித்தாள், மனைவியே வாங்கி அனுப்பிக் கொடுத்தாள்.

போன வியாழக்கிழமை ராத்திரி பத்தரைக்கு போன் அடித்தது. 

“அக்கா, நூத்தி புள்ளி ஆறு காட்டுது.”

“நூறு புள்ளி ஆறா? மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா?”

“இல்லக்கா. நீங்கதான் எழுதியிருந்தீங்களே.”

“பெங்களூர் வரைக்கும் வேணாம்மா. கிட்ட இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே போங்க. உள்ள போனதும் கீமோன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க. எங்க, என்ன சொல்லுவீங்க, சொல்லுங்க பாப்போம்.”

அந்தப் பக்கம் திருப்பிச் சொன்னது எனக்கும் கேட்டது. மனைவி போனை சார்ஜில் போட்டு, அணைக்காமல் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டாள்.